பாதி விலை

நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், முப்பது சதவீதத் தள்ளுபடியில் கிடந்த ஒரு பெட்டி சூரை மீன் சுஷியை ஒரு பாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பாட்டி காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆத்திரமே அதனால்தான். கடைப் பையன் ஸ்டிக்கர் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வலது கோடியிலிருந்து 'பாதி விலை' ஒட்டியபடி வந்துகொண்டிருக்கிறான். பொரித்த கோழி முடிந்தது. உருளைக்கிழங்கு கொரோக்கே முடிந்தது. சுஷி வரிசைக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கும் என் சூரைக்கும் நடுவே இரண்டே இரண்டு வெள்ளரிக்காய்ச் சுருள் பெட்டிகள். அந்த நேரம் பார்த்து முப்பது சதவீதத்துக்கே திருப்திப்பட்டு எடுத்துக்கொண்டு போகிற ஜன்மத்தை என்னவென்று சொல்வது? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அவருக்கே இன்னும் இருபது சதவீதம் லாபம். அது அவருக்கு வேண்டாம். நான் தோற்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்த கையோடு என்னைப் பார்த்து லேசாகத் தலையை வேறு குனிந்தார். அரைமணி நேரமாக ஒரே சோயா சாஸ் புட்டியின் பின்பக்கத்தை நான் எதற்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்கு. என் மச்சினன் அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக டோக்கியோவுக்கு வருகிறான். "மாமா, அங்க நல்லா சாப்பிட்டு சந்தோஷமா இருக்கிறதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. நீங்கதான் அங்கயே இருக்கீங்களே" என்றான். நியாயமான கோரிக்கைதான். அங்கேயே இருக்கிறேன்தான். அந்தப் பட்டியலை அவனுக்கு மட்டும் கொடுப்பானேன், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஷிஞ்ஜுகுவில் இருக்கும் நகமுராயாவைச் சொல்ல வேண்டும். ராஷ் பிஹாரி போஸ் வெள்ளைக்காரனிடம் சிக்காமல் 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தபோது ஒளித்து வைத்துக் காப்பாற்றியது இந்த ரொட்டிக்கடைக்காரக் குடும்பம். பிறகு அவர் அந்த வீட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். 1927-ல் மாமனார் கடையில் இந்தியக் கறி பரிமாற ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் கிடைக்கிறது. அந்தக் காலத்து மாப்பிள்ளைகளால் மாமனார் வீட்டுக்கு ஏதோ ஒரு பிரயோஜனம் இருந்திருக்கிறது என்று என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சொன்னாள். அடுத்தது கின்ஸா பக்கம் நாயர்ஸ். கேரளத்திலிருந்து வந்து சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய ஏ.எம். நாயர் 1949-ல் திறந்தது. இந்த ஊரில் புரட்சிக்காரர்கள் எல்லோரும் கடைசியில் கறி வைப்பதில் போய் முடிந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு கடையிலும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். சொன்ன விலைதான். அதனால்தான் நான் அடிக்கடிப் போவதில்லை.

ஸ்டிக்கர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி என்றால் வாசலிலேயே மைக் வைத்துக் கத்துவார்கள். ஆடி மாதம் பூராவும் தி.நகரில் ரெங்கநாதன் தெருவில் நசுங்கினாலும் நமக்கு ஒரு பயிற்சி இருந்தது. இங்கே சத்தமே கிடையாது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சோற்றுப் பெட்டி, சுஷி, பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தம்பியான தெம்புரா எல்லாவற்றிலும் பத்து சதவீதம் என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் விழும். அப்புறம் இருபது. அப்புறம் முப்பது. கடை மூடுகிற நேரம் நெருங்கும்போது சிவப்பும் மஞ்சளுமாகப் பாதி விலை. கடைக்குக் கடை நேரம் மாறும். மழை பெய்தால் கூட்டம் குறையும் என்று முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். நான் தினமும் வானிலை அறிக்கை பார்ப்பது குடைக்காக என்று மனைவி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு யாரும் எழுதாத சட்டங்கள் உண்டு. பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பாதி விலைக்குக் காத்திருக்கக் கூடாது. ஸ்டிக்கர்காரன் பின்னாலேயே நடக்கக் கூடாது. அவனிடம் "தம்பி, இதுக்கும் ஒன்னு ஒட்டிடு" என்று கேட்கவே கூடாது. எங்கள் பேட்டைக் கடையில் மட்டும் எழுதியே ஒட்டிவிட்டார்கள்: முன்பே கூடையில் எடுத்து வைத்த பொருளுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தரப்பட மாட்டாது. ஜப்பானிய மொழியில் ஒரு தடவை, கீழே ஆங்கிலத்தில் ஒரு தடவை. அந்தக் கடையில் வேறு எந்த அறிவிப்புக்கும் ஆங்கிலம் கிடையாது. நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுகூட ஜப்பானிய மொழியில்தான் இருக்கிறது. இது ஒன்றுக்கு மட்டும் ஆங்கிலம். நாங்கள் இருப்பது நிஷிகசாய். 2000-க்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறிய இடம். அந்த ஆங்கிலம் யாருக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, பின்தொடரவும் கூடாது என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? நிற்பான். எங்கே நிற்பது என்பதில்தான் சூட்சுமம். தோஃபு வரிசை ரொம்பக் குளிர், முழங்கால் பிடித்துக்கொள்ளும். நூடுல்ஸ் பக்கம் ஒரு தூண் மறைக்கிறது. ஊறுகாய்ப் பகுதியிலிருந்து சுஷி தெரியும், ஸ்டிக்கர்காரன் வெளியே வரும் கதவு தெரியாது. எல்லாம் ஆராய்ந்து பார்த்ததில் சோயா சாஸ் அலமாரிதான் உத்தமம். கதவும் தெரியும், சரக்கும் தெரியும், பக்கத்துப் போட்டியாளர்களையும் ஓரக்கண்ணால் எண்ணலாம். எத்தனை வகை சோயா சாஸ் இருக்கிறது, எதில் உப்புக் குறைவு, எதில் கோதுமை சேர்க்கவில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டில் சோயா சாஸ் வாங்குவதில்லை.

அலமாரிக்கு முன்னால் வழக்கமாக நிற்கிறவர்கள் சிலர் உண்டு. தொப்பி போட்ட ஒருவர். காதில் ஹெட்போனோடு ஒரு கல்லூரிப் பையன்; அவனுக்குப் பொரித்த கோழி மட்டும்தான் குறி, அதனால் எனக்கு விரோதமில்லை. சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வரும் பாட்டி, அதாவது அந்தப் பாட்டி. மூதுரைக் கொக்கு இவரிடம் வந்து ட்யூஷன் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நம்மவர் ஒருவர்.

நம்மவர் என்றால் பொங்கல் விழாவில் பட்டு வேட்டியோடு மேடையேறி, வெளிநாட்டில் தமிழன் தலைநிமிர்ந்து வாழ்வது பற்றி நாற்பது நிமிஷம் பேசுகிறவர். கையில் கூடையோடு திடீரென்று எதிரே வந்துவிட்டார்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"சும்மா, பால் வாங்கலாம்னு."

"நானும் பாலுக்குத்தான் வந்தேன்."

இரண்டு பேர் கூடையிலும் பால் இல்லை. அவர் கூடையில் ஒரு பெட்டி குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது. ஸ்டிக்கர் பக்கம் கீழே. என் கூடையிலும் அப்படித்தான். குளிர் அதிகமாக இருக்கிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். பிறகு, வேறு வழியில்லாமல், சேர்ந்து நடந்துபோய் ஆளுக்கு ஒரு லிட்டர் பால் எடுத்தோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு லிட்டர் இருந்தது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது பாலில் போயிற்று.

பால் எடுப்பதிலும் நிம்மதி கிடையாது. அலமாரியின் பின்வரிசைக்குக் கையை விட்டு, கடைசிப் பாக்கெட்டை எடுத்து, தேதி பார்த்துக் கூடையில் போடுவதுதானே முறை? என் அம்மா அப்படித்தான் எடுப்பாள். உங்கள் அம்மாவும் அப்படித்தான். இங்கே அதற்கும் கட்டை போட்டுவிட்டார்கள். முன்வரிசையில் இருப்பதையே எடுங்கள், இல்லாவிட்டால் பழசு வீணாகிறது என்று அலமாரிக்கு அலமாரி அட்டை. 'தெமாஎதோரி' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, 2022-ல் அந்த ஆண்டின் பிரபலமான பத்துச் சொற்களில் ஒன்றாகக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உணவை வீணாக்காமல் இருக்க 2019-லேயே தனிச் சட்டம் வேறு. எல்லாம் நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் பக்கத்தில் நிற்கும்போது பின்வரிசைக்குக் கையை விட முடியுமா? முன்வரிசைப் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெண்டைக்காயும் அப்படித்தான். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிய பரம்பரை நாம். இங்கே எட்டோ பத்தோ எண்ணிப் பச்சை வலைப்பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். வலைக்கு வெளியிலிருந்து ஒடிக்க முடியாது. முயன்று பார்க்கவும் கூடாது. மேலே கேமரா இருக்கிறது.

பேரம் என்பதையே இந்த ஊர் மறந்து மூன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1673-ல் எடோவில், அதாவது இதே டோக்கியோவில், மிட்சுயி என்ற வியாபாரி எச்சிகோயா என்று ஒரு துணிக்கடை திறந்தார். கடன் கிடையாது, பேரம் கிடையாது, ரொக்கம் கொடு, எல்லோருக்கும் ஒரே விலை என்றார். அதுதான் பின்னால் மிட்சுகோஷி ஆயிற்று. நிஹோன்பாஷியில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதன் அடித்தளத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தை மச்சினன் பார்த்தே ஆக வேண்டும், பட்டியலில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் மிட்சுயி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. பேரம் இருந்திருந்தால் நான் நேராகப் போய் "என்னம்மா, மணி ஏழாகப் போகுது, இனிமே இந்த மீன யாரு வாங்கப் போறா, பாதிக்குக் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஏழரைக்கே வீட்டில் இருப்பேன். வாய் இருக்கிறவன் பிழைத்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவனைப் புட்டி படிக்க வைத்துவிட்டார் மனிதர்.

ஒரு கட்டத்தில் நான் கொன்பினிக்கு மாறிப் பார்த்தேன். இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் அந்தச் சின்னக் கடைகளில் ரொம்ப காலம் தள்ளுபடியே கிடையாது. மிஞ்சியதைக் குப்பையில் போட்டாலும் போடுவார்களே தவிர விலையைக் குறைக்க விட மாட்டார்கள். 2009-ல் நியாய வர்த்தக ஆணையம் தலையிட்டு, ஒரு பெரிய கொன்பினி நிறுவனம் தன் கிளைக்காரர்கள் விலை குறைப்பதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்காக அந்த ஆணையத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் கொன்பினி ஸ்டிக்கரில் வேகம் இல்லை. இருபது யென், முப்பது யென் குறைப்பார்கள். அதற்கெல்லாம் மனசு துள்ளாது.

கொன்பினியில் இன்னொரு கூத்து. மூலையில் நாலு நாற்காலி போட்டிருப்பார்கள். 2019 அக்டோபரில் விற்பனை வரியைப் பத்து சதவீதமாக்கியபோது, வீட்டுக்கு எடுத்துப்போகிற சாப்பாட்டுக்கு மட்டும் எட்டு என்று விட்டுவைத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து. ஐநூறு யென் சோற்றுப் பெட்டிக்கு, உட்காருவதற்குப் பத்து யென். பத்து யென் பெரிய காசா என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். பிப்ரவரி மாதக் குளிரில், எதிரே பூங்காவில், விறைத்த விரல்களால் ஜப்பானியச் சோற்றைக் குச்சியில் பிடித்து நான் சாப்பிட்டதெல்லாம் கொள்கைக்காக. ஜலதோஷ மாத்திரை எண்ணூறு யென்.

சம்பளம் வாங்குகிற ஆளுக்கு ஏன் இந்தப் பிழைப்பு என்று மாமியார் போனில் கேட்பார். நேரடியாகக் கேட்க மாட்டார். "மாப்பிள்ளை, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்பார். சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம் அத்தை என்று சொல்ல முடியுமா? யென் என்ற காசு 2024-ல் டாலருக்கு நூற்று அறுபதைத் தாண்டி விழுந்தது. 1986-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. ஊருக்கு அனுப்புகிற பணம் அனுப்பும்போது யானை, போய்ச் சேரும்போது பூனை. அடுத்த வருஷம் அரிசி. 2025-ல் ஐந்து கிலோ அரிசி நாலாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது, முந்தைய வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து நாட்டின் விவசாய அமைச்சர், தான் காசு கொடுத்து அரிசி வாங்கியதே இல்லை என்றும், ஆதரவாளர்கள் கொடுப்பதே விற்கிற அளவுக்கு வீட்டில் கிடக்கிறது என்றும் கூட்டத்தில் பேசிவிட்டார். பதவி போயிற்று. அரிசியைத் தொட்ட அரசியல்வாதி தப்ப முடியாது என்பதில் ஜப்பானும் தமிழ்நாடும் ஒன்றுதான். பிறகு அரசாங்கம் கிடங்கில் வைத்திருந்த பழைய அரிசியை எடுத்து ஐந்து கிலோ இரண்டாயிரம் யென்னுக்கு விட்டபோது, கடை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை. ஜப்பானியர்கள் முகத்தில் கவலை. நான் மட்டும் உற்சாகமாக நின்றேன். ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வரிசையா?

பட்டியலுக்கு வருகிறேன். தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் டோக்கியோவில் இப்போது நிறைய. ஜப்பானியர்களுக்கு 'மீல்ஸ்' மேல் ஒரு பைத்தியமே பிடித்திருக்கிறது. போன மாதம் ஒரு கடையில் இடம் கிடைக்க நான் வெளியே காத்து நின்றேன். உள்ளே பார்த்தால் நம்மவர் யாருமே இல்லை. கடைசியில் கிடைத்த இடம் கோட்டு சூட்டுப் போட்ட ஒரு ஜப்பானியருக்குப் பக்கத்தில். அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் தூவினார். சாம்பாரை ஊற்றினார். அதன் தலையிலேயே ரசத்தையும் ஊற்றினார். பொரியல், கூட்டு எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்தார். நான் சாம்பார் சோறு முடித்து ரசத்துக்காகக் குழி வெட்டிக்கொண்டிருந்ததைப் பரிதாபமாகப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "எல்லாவற்றையும் கலந்தால்தான் உண்மையான ருசி" என்று சொல்லிக் கொடுத்தார். எங்கே கற்றீர்கள் என்றேன். புத்தகத்தில் என்றார். சுமிமாசென், அதாவது மன்னிக்கவும், என்று சொல்லிவிட்டு நான் என் குழியைக் கவனித்தேன். இந்தக் கடையைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. விலைதான் முழு விலை.

முழு விலை கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. முழு விலையில் சூரை வெறும் சூரை. பாதி விலையில் அதற்கு ஒரு மணம் வந்துவிடுகிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பாதி விலைச் சோற்றுப் பெட்டிக்காகக் கடைக்குள் அடித்துக்கொள்கிறவர்களைப் பற்றி இந்த ஊரில் ஒருவர் கதைத் தொடரே எழுதினார். 'பென்-தோ' என்று பெயர். 2011-ல் அது அனிமேயாகவும் வந்தது. அதில் கை கால் உடைய நிஜமாகவே சண்டை போடுகிறார்கள். அதுதான் நேர்மை. நிஜத்தில் எங்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. மனசுக்குள் மல்லுக்கட்டிவிட்டு வெளியே தலையைக் குனிய வேண்டியிருக்கிறது.

ஜெயித்துக்கொண்டு வந்தாலும் வீட்டில் பெருமை கிடையாது. விருந்தாளி வருகிற அன்று ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். அது முழுசாக உரியாது. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டிவிடக் கூடாது என்று ஸ்டிக்கரிலேயே கீறல் போட்டு வைத்திருக்கிறார்கள்; இழுத்தால் துண்டு துண்டாகக் கிழியும். எந்தப் புண்ணியவான் ஒட்டி மாற்றிப் பார்த்ததால் இந்தக் கீறல் வந்ததோ தெரியாது, அவர் எந்த ஊர்க்காரர் என்றும் நான் யோசிக்க விரும்பவில்லை. மனைவி நகத்தால் சுரண்டுவாள். பிறகு மீனை நல்ல பீங்கான் தட்டுக்கு மாற்றி, பெட்டியை ஒளித்துவிடுவாள். ஒருமுறை விருந்தாளி, "இவ்வளவு ஃப்ரெஷ்ஷா எங்க வாங்குறீங்க?" என்று கேட்டார். அவர்தான் அந்தப் பொங்கல் மேடைக்காரர். கேட்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

மச்சினனுக்கு எழுதிக்கொடுக்க இன்னும் பத்து இடமாவது இருக்கிறது. எலுமிச்சை போட்ட சோபா நூடுல்ஸ், ஒக்கினாவாக் கடையில் பாகற்காய் வதக்கல், எல்லாம் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மணி ஏழே கால் ஆகிறது. வெளியே தூறல் வேறு.

எந்தக் கடை, நிஷிகசாய் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் யாரும் கேட்டு எழுத வேண்டாம். சொல்வதாக இல்லை. இருக்கிற கூட்டமே அதிகம்.